தக்காளிக்கு எழுதிய மணி

படிவம் என்ற ஒன்று உலகத்தில் தோன்றிய நாள் முதல் இன்றுவரை, அது ஒரே ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றியதில்லை. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நெருப்பைக் கண்டுபிடித்தவன் எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை. முதல் சக்கரத்தை உருட்டியவனிடம் "இந்த வட்டம் எங்கிருந்து பெறப்பட்டது?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாம் இன்னும் நடந்துதான் அலுவலகம் போய்க்கொண்டிருப்போம்.

இந்த ஆராய்ச்சி முடிவை எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், காபி இயந்திரத்தின் மேல் ஒரு கையை ஊன்றி நின்றபடி, குறைந்தது நாற்பது தடவை வெளியிட்டிருக்கிறேன். காரணம், அதே மாடியின் கடைசி அறையில் உட்கார்ந்திருந்த மேடம். அவருக்கு நான் வைத்த பெயர் சுங்கச்சாவடி. ஒரே வாரத்தில் அது மாடி முழுக்கப் பரவியது. என் படைப்புகளிலேயே அதிகம் பேர் பயன்படுத்தியது அதுதான்.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு மணி செய்கிறது. எந்தக் கட்டிலுக்கு எத்தனை மணிக்கு என்ன மருந்து என்று நர்ஸ் பதிந்துவிட்டால் போதும். நேரம் வந்ததும் சுவரில் இருக்கும் திரை ஒளிரும், மணி அடிக்கும். பதினொரு ஆஸ்பத்திரிகளில் எங்கள் மணி அடிக்கிறது. ஆனால் அதற்குள் ஓடும் மென்பொருள் முழுவதையும் நாங்களே எழுதினோம் என்று சொல்வது, அரிசியையும் நாங்களே விளைவித்தோம் என்று ஹோட்டல்காரர் சொல்வதைப் போன்றது. பத்தில் எட்டுப் பங்கு ஓப்பன் சோர்ஸ். அதாவது, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ எழுதி, 'வேண்டுமென்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வெளியே வைத்துவிட்டுப் போனது.

அப்படி ஒரு துண்டு எங்கள் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் சுங்கச்சாவடியைத் தாண்ட வேண்டும். எட்டுக் கேள்விகள். எங்கிருந்து எடுத்தாய், எந்த வெர்ஷன், எழுதியவர் போட்ட நிபந்தனை என்ன, நீ எதை மாற்றினாய், எந்தெந்த ஆஸ்பத்திரியில் ஓடப்போகிறது என்று போகும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: தாய்மாமன்.

"பெத்தவங்க எங்கேயோ இருக்காங்க. கொண்டு வந்தவங்கதான்பா இதுக்குத் தாய்மாமன்" என்பார் மேடம், சிரிக்காமல். "நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா சேதி அவங்களுக்குத்தான் மொதல்ல வரணும். நல்லது கெட்டதுக்கு அவங்கதான் வந்து நிக்கணும்."

இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க நான் என்ன கல்லா? 'கழிப்பறைப் பயன்பாட்டு அனுமதிப் படிவம்' ஒன்றைத் தயாரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். 'உங்கள் வருகையின் மூலம் எது?' என்பது முதல் கேள்வி. 'உங்களுக்குப் பின் வருபவருக்கு எதை விட்டுச் செல்கிறீர்கள்?' என்பது நான்காவது. மாடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேடம் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"நாலாவது கேள்வி நல்லாருக்கே" என்றார். "நம்ம படிவத்துல இது இல்ல பாரு."

மறுநாளிலிருந்து எட்டுக் கேள்விகள் ஒன்பதாகின. ஓர் அங்கதக்காரனுக்கு இதைவிடப் பெரிய தோல்வி கிடையாது.

அதற்கு நான் பழி வாங்கியதாகச் சொல்ல முடியாது. நான் செய்தது வெறும் சோம்பல். போன வருடம், ஒரு வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய வேலை. வார்டு மணி எப்போது அடிக்க வேண்டும் என்று கணக்கிடும் பகுதியை எழுதச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை வரை நான் எழுதியது பன்னிரண்டு வரிகள். அவற்றில் ஒன்பது காலி வரிகள். தேடினால், 'ஆமை' என்ற புனைபெயரில் ஒருவர் அதே வேலையைச் செய்யும் இரண்டாயிரம் வரி நிரலை வெளியே வைத்திருந்தார். தேன் மாதிரி இருந்தது. தன் வீட்டுத் தக்காளிச் செடிகளுக்கு நேரம் தவறாமல் தண்ணீர் விடுவதற்காக எழுதினாராம். தக்காளிக்குத் தெரியுமா, நோயாளிக்குத் தெரியுமா, மணி மணிதானே?

முறைப்படி போனால் படிவம், மேடத்தின் பரிசோதனை, இரண்டு நாள். குறுக்கு வழி எனக்குத் தெரியும். திங்கள்தோறும் மேடம் ஒரு ஸ்கேனரை ஓட விடுவார். அது எங்கள் நிரல் முழுவதையும் மேய்ந்து, எங்காவது வெளியார் பெயரோ உரிமம் பற்றிய வாசகமோ தட்டுப்பட்டால் கத்தும். ஆமையின் நிரலுக்கு மேலே அப்படி ஏழு வரிகள் இருந்தன. அவர் பெயர், வருடம், பிறகு இப்படி: இதை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம், ஒரே நிபந்தனை, இந்த ஏழு வரிகளை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.

அந்த ஏழு வரிகளை மட்டும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன். ஸ்கேனர் கண்டுபிடிக்காமல் இருக்க உள்ளேயும் அங்கங்கே பெயர்களை மாற்றி, பத்திகளை இடம் மாற்றி வைத்தேன். திருடிய மாட்டுக்குக் கொம்பில் புதுச் சாயம் அடிப்பார்களே, அதுபோல.

"ரெண்டே நாள்ல சொந்தமாவா எழுதினே?" என்று கேட்டார் டீம் லீட்.

"ஏதோ உக்காந்தேன் சார், வந்துடுச்சு" என்றேன், அடக்கத்தோடு.

அந்த அடக்கத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

*

என் அக்கா நர்ஸ். எங்கள் மணி அடிக்கும் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண்கள் வார்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போவது என் வழக்கம். ஒரு ஞாயிறு போனபோது வீடு அமைதியாக இருந்தது. மாமா எனக்குத் தட்டு வைத்தார். அக்கா ஊறவைத்த சீருடையை அலசிக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை மூன்றாவது தடவையாக.

"என்ன மாமா, சண்டையா?"

"எங்களுக்குள்ள சண்டைன்னா சந்தோஷமா சொல்லியிருப்பேனே மாப்ள. மெமோ குடுத்திருக்காங்க."

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஏழாம் கட்டில் பெரியவருக்குப் போட வேண்டிய ஊசியை அக்கா போட்டது மூன்றே முக்காலுக்கு. அவருக்குக் காய்ச்சல் ஏறி, இறங்குவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்துவிட்டது. ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, மணி அடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். கருவியைச் சோதித்தார்கள். பிழை எதுவும் பதிவாகவில்லை. அப்படியானால் மணி அடித்திருக்கிறது, நர்ஸ்தான் கவனிக்கவில்லை. கவனிக்காததோடு பொய்யும் சொல்கிறாள். வியாழக்கிழமை விசாரணை.

"மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டா ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்களாம்" என்றார் மாமா. "இவ கேக்க மாட்டேங்கிறா."

அக்கா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். "நான் ஏன் எழுதணும்? முப்பத்திரண்டு கட்டில். அத்தனை மருந்தையும் மண்டையில வெச்சுக்க முடியாதுன்னுதானே அந்தப் பொட்டியை மாட்டினாங்க? ரெண்டு மணிக்கு நான் அதுக்கு நேரா கீழ நின்னுட்டிருந்தேன். அடிக்கலை." பிறகு என்னைப் பார்த்தாள். "டேய், நீதானே அதுல வேலை செய்யறே. அது அடிக்காம இருக்குமா?"

நான் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் திரும்பப் பெற விரும்பும் வாக்கியங்கள் நிறைய உண்டு. முதலிடம் இதற்கு:

"அந்தப் பகுதியை நானே எழுதினேன் அக்கா. சூரியன் தவறினாலும் அது தவறாது."

அக்கா தன் காதுமேலேயே சந்தேகம் வந்தவள்போல் ஒரு நொடி நின்றுவிட்டு உள்ளே போனாள்.

*

திங்கட்கிழமை காலை மேடம் ஒரு தாளோடு மேசை மேசையாக வந்தார். அக்கா வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவிலிருந்து கடிதம். ஆமை என்பவர் எழுதிய நேரக் கணக்கு நிரலில் ஒரு கோளாறு இருப்பதாகப் பொது அறிவிப்பு ஒன்று எட்டு மாதத்துக்கு முன்பே வந்திருக்கிறது. உங்கள் கருவியில் அது இருக்கிறதா, இல்லையா?

"என்ன கோளாறு மேடம்?" என்று கேட்டேன், கொட்டாவி விட்டபடி.

"கடிகாரத்தைச் சரி பண்றப்போ வருதாம். கருவியோட கடிகாரம் ஒண்ணு ரெண்டு நிமிஷம் பின்னால போயிருந்தா, அது தானாவே சரி பண்ணிக்கும் இல்லையா? ஒண்ணு அம்பத்தொம்போதுலேர்ந்து நேரா ரெண்டு ஒண்ணுக்குத் தாவிடுதுன்னு வெச்சுக்கோ. நடுவுல ரெண்டு மணின்னு ஒண்ணு வரவே இல்ல. அப்போ அந்த மணி அடிக்காது. அடிக்கலைங்கிறதும் பதிவாகாது."

கொட்டாவி பாதியில் நின்றது.

"நம்ம பதிவேட்டுல இந்த ஆமை இல்ல. ஸ்கேனரும் இல்லைன்னுதான் சொல்லுது. இருந்தாலும் வாயால ஒரு தடவை கேட்டுடறேன். நீதான் அந்தப் பகுதியை எழுதினவன். இதை எங்கேயாவது பாத்திருக்கியா?"

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள மனிதனுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கப்படுகிறது என்று யாராவது அளந்திருக்கிறார்களா தெரியவில்லை. எனக்குக் கிடைத்தது மேடம் பேனா மூடியைக் கழற்றும் நேரம்.

"இல்ல மேடம்."

அவர் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். மதியம், 'எங்கள் கருவியில் அந்த நிரல் இல்லை' என்ற கடிதம் அவர் கையெழுத்தோடு கிளம்பியது. இனி வியாழக்கிழமை அந்தக் கடிதத்தை அக்கா முன்னால் வைப்பார்கள். கம்பெனியே எழுத்துல குடுத்துடுச்சு, இன்னும் மணி அடிக்கலைன்னு சொல்றீங்களா சிஸ்டர்?

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். கோளாறு போய்விட்டால் குற்றமும் போய்விடும் என்பது என் நம்பிக்கை. செவ்வாய் முழுக்க முயன்றேன். ஆமை வெளியிட்டிருந்த திருத்தம் பதினெட்டே வரிகள். ஆனால் அது அவருடைய நிரலுக்கான திருத்தம். நான் சாயம் அடித்து, காலை வெட்டி, வாலை இடம் மாற்றி வைத்திருந்ததில் அது எங்கேயும் பொருந்தவில்லை. ஒட்ட வைத்தேன், சோதனையில் இரண்டு மணி மருந்துக்கு இருபது தடவை மணி அடித்தது. எதை எதற்காக மாற்றினேன் என்று எங்காவது எழுதி வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். எழுதி வைக்கும் ஆளா நான்?

கடைசியில் ஆமைக்கே எழுதினேன், வேறொரு பெயரில். புதன் காலை பதில் வந்திருந்தது. அவ்வளவு அன்பான கடிதத்தை நான் அண்மையில் படித்ததில்லை. என் நிரலை ஒருவர் பயன்படுத்துகிறார் என்று கேட்பதே மகிழ்ச்சி என்று தொடங்கியிருந்தார். எந்த வெர்ஷன், எதை மாற்றினீர்கள், எங்கே ஓடுகிறது என்று சொன்னால் நானே பொருத்தித் தருகிறேன் என்றார். 'செடிகளுக்குத்தானே?' என்றும் கேட்டிருந்தார்.

ஆமாம், தக்காளி, என்று எழுதினேன்.

பத்து நிமிடத்தில் அடுத்த பதில். நல்லது, அப்படியானால் அவசரப்பட வேண்டாம், இந்த வார இறுதியில் நிதானமாகப் பார்க்கிறேன். ஒரு வேளை தண்ணீர் தவறினால் செடி ஒன்றும் செத்துவிடாது.

திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீம் லீட் கடந்துபோகும்போது, "என்னய்யா, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். நான் எது சொன்னாலும் சிரிக்கும்படி அவர்களைப் பழக்கி வைத்திருந்தேன்.

எழுந்து கடைசி அறைக்குப் போனேன்.

மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வரி, சாயம், 'இல்ல மேடம்', அக்கா, தக்காளி. அவர் டப்பாவை மெதுவாக மூடினார். அலமாரியைத் திறந்து, திங்கட்கிழமைக் கடிதத்தின் நகலை எடுத்து, தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"நாப்பத்தோரு பேரைக் கேட்டேன்" என்றார். "கொஞ்சம் சந்தேகமா இருந்தவங்க நிரலை எல்லாம் நானே திறந்து படிச்சேன். உன்னோடதைப் படிக்கலை."

"ஏன் மேடம்?"

"மேல உன் பேர் இருந்துச்சு. பேர் போட்டவன் பொறுப்பா இருப்பான்னு நெனச்சேன்."

திட்டியிருக்கலாம். ஒரு அறை கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. அழறதெல்லாம் அப்புறம். மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கடிதம், விசாரணைக்கு முன்னாடி போயாகணும். அப்புறம் பதினொரு இடத்துக்கும் ஃபோன்: சரி பண்ற வரைக்கும் மணியை நம்பாதீங்க, கையால எழுதி வெச்சுக்கோங்கன்னு. அப்புறம் அந்த ஆமைக்கு உண்மையை எழுது. அவர் பேரை இருந்த எடத்துலயே திரும்ப வை. இந்த வரிசையிலதான். உனக்கு எது கஷ்டமோ அதுலேர்ந்து ஆரம்பிக்காத, அவங்களுக்கு எது அவசரமோ அதுலேர்ந்து ஆரம்பி."

கடிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் மேலாளர் அறைக்குப் போனோம். மேலாளர் படித்துவிட்டு மேடத்தைத்தான் பார்த்தார்.

"சரி பாக்காம எப்படிம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

"கேட்டேன் சார்."

"யாரைக் கேட்டீங்க?"

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. "எல்லாரையும்தான் சார்."

"என்னை சார்" என்றேன். "என்னைக் கேட்டாங்க. நான் இல்லைன்னு பொய் சொன்னேன்."

சொன்னேன்தான். ஆனால் அவர் வாய் மூடிய பிறகு, நான் வாய் திறப்பதற்கு முன்னால், ஒரு சிறு இடைவெளி இருந்தது. மேடம் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்த இடைவெளி. அதில் நான் என்ன யோசித்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

அன்றிலிருந்து வெளியே போகும் கடிதங்களில் மேடத்தின் கையெழுத்து மட்டும் போதாது, மேலாளரும் போட வேண்டும் என்று ஆனது. பன்னிரண்டு வருடமாகத் தனியாகப் போட்டவர். எனக்கு வந்தது ஆறு மாதத்துக்குப் பதவி உயர்வு இல்லை என்ற ஒரு தாள். யாருடைய தண்டனை பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

*

வியாழக்கிழமை விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்ததாம். மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மாலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கடிதத்தின் அடியில் என் கையெழுத்தும் இருந்ததே.

மாமா என்னைப் பார்த்ததும், "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். கையில் பை எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"ஞாயித்துக்கிழமை தெரியாமதான் சொன்னேன் அக்கா."

"அது சரி. திங்கக்கிழமை?"

அவள் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தாள்.

"திங்கக்கிழமை தெரிஞ்சுது. செவ்வா, புதன். மூணு நாள் நான் என்ன பண்ணேன் தெரியுமாடா? கண்ணை மூடிட்டு அந்த ரெண்டு மணியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன். ஒருவேளை அடிச்சிருக்குமோ, எனக்குத்தான் மூளை மங்கிப்போச்சோன்னு. நேத்து காலையில, மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துடலாம்னு பேனாவே எடுத்துட்டேன்."

"மன்னிச்சுடுக்கா."

அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள். கையின் மடிப்பை நீவினாள். "எட்டு மாசத்துக்கு முன்னாடியே வந்த சேதின்னாங்க. இந்த எட்டு மாசத்துல, மத்த ஆஸ்பத்திரிங்கள்ல எத்தனை மணி அடிக்காம போயிருக்கும்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"அடிக்காதது பதிவாகாது அக்கா. யாரும் எழுதி வைக்கலை."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். வார்டில் ஒரு கட்டில் காலியாக இருந்தால் அங்கே இருந்தவர் எங்கே என்று தேடும் பார்வை.

"என்னை மாதிரி எவளாவது இருப்பா" என்றாள். "அவளுக்குக் கம்பெனியில தம்பி இருந்திருக்க மாட்டான். மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்திருப்பா."

*

வெள்ளிக்கிழமை ஆமையின் பதில் வந்தது. நான் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். இந்தத் தடவை அன்பு எதுவும் இல்லை. திருத்தப்பட்ட நிரல் மட்டும் இணைக்கப்பட்டிருந்தது, வார இறுதிக்குக் காத்திருக்காமல் ஒரே நாளில். கீழே ஒரு வரி: ஆஸ்பத்திரி என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரத்துக்குள் பதினொரு இடத்திலும் புது நிரல் ஓடியது. எல்லோரும் விஷயத்தை மறக்கத் தயாரானார்கள். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்னைக் கண்டதும், ஏதாவது சொல்வேன் என்று இரண்டு பேர் முன்கூட்டியே சிரித்துக்கொண்டு நின்றார்கள். நான் காபியை எடுத்துக்கொண்டு இடத்துக்கு வந்தேன்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டேன். ஆஸ்பத்திரி, வார்டு, தேதி, எந்த நேரத்து மணி. அடுத்து, அன்றைக்கு வேலையில் இருந்தவர். அடுத்து, அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டதா, அவர் என்ன எழுதிக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், ஏழு கட்டங்கள். மேடம் அந்த வழியாகப் போனவர் நின்று, தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"திருத்தினாங்களா இல்லையாங்கிறது வேணாமா? அந்த நர்ஸோட ஃபைல்ல?"

எட்டாவது கட்டம் போட்டேன். அவர் போய்விட்டார்.

முதல் மூன்று ஆஸ்பத்திரிகளில் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். நான்காவதில் ஃபோனை எடுத்த வார்டு பொறுப்பாளருக்கு எரிச்சல். "ஏம்பா, முடிஞ்சுபோனதை எல்லாம் இப்போ எதுக்குக் கிளறுறே? உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

"இதுதான்மா வேலை" என்றேன். "நான் லைன்லயே இருக்கேன். நீங்க பாத்துட்டு வாங்க."

மறுமுனையில் அலமாரி திறக்கும் ஓசை கேட்டது. தாள்கள் புரண்டன. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். நீண்ட நேரத்துக்குப் பிறகு அவர் திரும்பி வந்தார். குரலில் எரிச்சல் இல்லை.

"ஒரு பொண்ணு இருக்கா. இப்போ இங்க இல்ல, வேலையை விட்டுட்டுப் போயிட்டா. மார்ச் மாசம். எழுதிக்கிறியா?"

"சொல்லுங்கம்மா" என்று பேனா மூடியைக் கழற்றினேன்.